ஆறரை மில்லிமீற்றர் துவக்கும் 10.1 கிராம் சன்னமும்: அஞ்சு எல்க் சீசன் பாவிச்சாப் பிறகு எழுதுறன்

நோர்வேல புதுசா வேட்டைக்கு இறங்கிற எங்கட பெடியள் என்னட்ட முதல் கேக்கிற கேள்வி "அண்ணை, 6.5 எல்க்குக்குக் காணுமோ?" எண்டதுதான். எல்க் எண்டு நான் எழுதுறது கனடாவில இருக்கிறவை மூஸ் எண்டு சொல்லுற அதே மிருகம், வளந்த ஆண் எண்டால் 400, 500 கிலோ நிக்கும், வன்னியில நாங்கள் பாத்த மரையைவிட ரெண்டு மடங்கு வரும். அந்த உடம்புக்கு முன்னால சின்னவிரலைவிட மெல்லிசான ஒரு சன்னத்தை வைச்சுப் பாத்தால் ஆருக்கும் சந்தேகம் வரும், எனக்கும் வந்தது, அந்தச் சந்தேகத்தால நான் வாங்கின முதல் துவக்கு பிழைச்சது, அந்தக் கதையையும் சேத்துத்தான் எழுதப்போறன்.

இப்ப நான் பாவிக்கிறது பின்லாந்தில செய்யிற டிக்கா டி3எக்ஸ், கலிபர் 6.5×55, அதாவது சன்னம் ஆறரை மில்லிமீற்றர் தடிப்பு, ரவைக் கோது 55 மில்லிமீற்றர் நீளம், குழல் 57 சென்ரிமீற்றர், குழலுக்குள்ள சன்னத்தைச் சுழலவைக்கிற சுருள்வரி 8 இஞ்சிக்கு ஒரு சுத்து. ரவை, அதாவது கோதும் மருந்தும் சன்னமும் சேந்த முழுச் சாமான், நோர்மா கம்பனியின்ர ஒரிக்ஸ், முனையில இருந்து பறக்கிற சன்னத்தின்ர பாரம் 156 கிரெயின், அதாவது 10.1 கிராம். அஞ்சு சீசன், ஏழு எல்க், அதில நாலு கண்டு, ரெண்டு பசு, ஒரு ஆண். எல்லாம் கிழக்கு நோர்வேயில ஒஸ்டெர்டாலன் பக்கக் காடுகள்ல. நான் கடைக்காரனும் இல்லை, ஆரும் எனக்கு ஒண்டும் சும்மா தரவும் இல்லை, என்ர காசில வாங்கி என்ர கையால சுட்டுப் பாத்ததை மட்டும் எழுதுறன்.

முதல் துவக்கு .300 மக்னம், சன்னமும் தடிப்பு, மருந்தும் உதையும் கூடின சாதி. வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி, பொலிஸ் அனுமதியும் கிடைச்ச கையோட கடைக்குப் போனன், எது கடை எண்டு எழுதேல்லை, அங்க நிண்டவர் "எல்க் எண்டால் பலம் வேணும், இதை எடுத்தால் பிறகு வேற ஒண்டும் தேவையில்லை" எண்டு சொன்னவர், நானும் பெரிய மிருகத்துக்குப் பெரிய துவக்குத்தானே எண்டு நம்பி எடுத்திட்டன். ரவை எடுக்கேக்கயும் வேகமான, பாரம் குறைஞ்ச சன்னமாப் பாத்து எடுத்தன், வேகம் கூட எண்டால் நல்லது எண்ட எண்ணம். முதல் வருசம் எனக்கு வெடி வைக்கிற சந்தர்ப்பமே வரேல்லை. ரெண்டாவது வருசம் ஒரு பசு, 40 மீட்டருக்குள்ள, பக்கவாட்டில வடிவா வந்து நிண்டது. நான் வைச்ச வெடி நுரையீரலுக்குப் போகாமல் முன்னுக்குப் போய்த் தோள் எலும்பில பட்டுது. சன்னம் அந்த எலும்பிலயே உடைஞ்சு சிதறிப் போச்சு. எல்க் மூண்டு காலில ஓடிச்சுது.

அண்டைக்கு இரவு நாய்க்காரரோட நாங்கள் நாலு பேர் ரோச் லைற் அடிச்சுக்கொண்டு நடந்த நடையை நான் இப்பவும் மறக்கேல்லை. நோர்வேச் சட்டப்படி எல்க் வேட்டைக்குப் போற எந்தக் குழுவுக்கும் காயப்பட்ட மிருகத்தைத் தேடப் பழக்கின, அங்கீகாரம் உள்ள நாய் ஒண்டு கைக்கெட்டக்கூடியதா இருக்கவேணும், ஏன் எண்டு அண்டைக்குத்தான் எனக்கு உண்மையா விளங்கினது. விடியப்புறம் ஒரு மணிக்கு ரெண்டு கிலோமீற்றருக்கு அங்கால ஒரு சதுப்புக் கரையில படுத்திருந்ததைக் கண்டுபிடிச்சு முடிச்சம். அத்தினை மணித்தியாலம் அந்தச் சீவன் என்னால வருத்தப்பட்டிருக்கு. முன்தொடை ரெண்டும் இரத்தம் கண்டி, ஈயத்தூளும் எலும்புத்தூளும் கலந்து, இறைச்சியில ஒரு பங்கை அப்பிடியே புதைக்க வேண்டி வந்தது.

அடுத்த கிழமை எங்கட குழுத் தலைவர், 70 தாண்டின காடு தெரிஞ்ச மனிசன், என்னைச் சுடுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ஒண்டும் ஏசேல்லை. என்ர துவக்கில தானே ரவை போட்டுப் போட்டுத் தந்தவர், நான் சுட்டுக்கொண்டு இருந்தன், நாலாவதோ அஞ்சாவதோ எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலி ரவையைப் போட்டிட்டார். விசையை இழுக்க "டிக்" எண்டு மட்டும் சத்தம், ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழ இறங்கிச்சுது, என்ர கண் ரெண்டும் மூடியிருந்தது. வெடிக்கேக்க துவக்கு தோளில அடிக்கிற உதைக்குப் பயந்து நான் வெடிக்கு முன்னமே துவக்கைத் தள்ளுறன். எனக்கே தெரியாது, நான் நல்லாத்தான் சுடுறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். பிறகு தன்ர துவக்கைத் தந்தவர், 6.5×55, தகப்பன் காலத்துச் சாமான். 10 வெடி வைச்சன். 10ம் ஒரு உள்ளங்கைக்குள்ள. "நீ இதை எடு, பாரமான சன்னத்தைப் போடு, கிட்டப் போய்ச் சுடு" எண்டு சொன்னவர், அவ்வளவுதான் அவரிட வகுப்பு.

சரி, சின்னக் கலிபரில பாரமான சன்னம் எண்டால் என்ன? ஊரில அலவாங்கால கிடங்கு தோண்டினவைக்கு இது சட்டெண்டு விளங்கும். காய்ஞ்ச செம்மண்ணில சம்மட்டியால எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் மேல்மண்தான் தூள் பறக்கும், அலவாங்கைத் தூக்கிச் சும்மா போட்டாலே உள்ள இறங்கும், ஏனெண்டால் அது நீட்டு, மெல்லிசு, பாரம், முழுப் பாரமும் ஒரு சின்ன முனைக்குப் பின்னால நிக்குது. சன்னத்திலயும் அதேதான் கணக்கு. குறுக்களவுக்கு எவ்வளவு பாரம் எண்டு பாக்கிற ஒரு அளவு இருக்கு, 6.5ல 156 கிரெயின் சன்னத்துக்கு அது 0.320 வருது. .308, .30-06 எண்ட தடிச்ச கலிபர்களில கனபேர் எல்க்குக்குப் போடுற 180 கிரெயின் சன்னத்துக்கு 0.271தான். அதாவது பெரிய துவக்கின்ர சன்னம் மொத்தப் பாரத்தில கூட எண்டாலும், தன்ர தடிப்போட ஒப்பிட்டால் பாரம் காணாத ஆள். 6.5ன்ர சன்னம் உள்ள இறங்கேக்க முன்னால குறைஞ்ச இறைச்சியைத் தள்ளிக்கொண்டு, பின்னால நீட்டுப் பாரத்தோட போகுது, அதாலதான் அந்த மெல்லிசுச் சன்னம் எல்க்கின்ர ரெண்டு நுரையீரலையும் கடந்து மற்றப் பக்கத் தோல்வரை போகுது.

நோர்வேச் சட்டமும் இந்தக் கணக்கைத் தன்ர பாசையில சொல்லுது. எல்க், சிவப்புமான், காட்டு ரெயின்டியர் எல்லாத்துக்கும் சன்னம் குறைஞ்சது 9 கிராம் இருக்கவேணும். 9க்கும் 10க்கும் இடைப்பட்ட சன்னம் எண்டால் 100 மீட்டரில 2700 ஜூல் சக்தி வேணும், 10 கிராமுக்கு மேல எண்டால் 2200 ஜூல் காணும். இதைக் கல்குலேற்றரில போட்டுப் பாத்தால் விசயம் வெளிக்கும். 9 கிராம் சன்னம் 2700 ஜூல் காட்டவேணும் எண்டால் 100 மீட்டரில செக்கனுக்கு 775 மீட்டர் வேகத்தில பறக்கவேணும், சாதாரணக் கடை ரவையில 6.5×55ஆல அது கஷ்டம். 10.1 கிராம் எண்டால் 660 மீட்டர் வேகமே காணும். ஒரிக்ஸ் பெட்டியில முனைவேகம், அதாவது குழலை விட்டு வெளியேறேக்க உள்ள வேகம், 780 எண்டு போட்டிருக்கு, அந்த இடத்தில 3000 ஜூலுக்குக் கொஞ்சம் மேல, 100 மீட்டரில சட்டத்துக்குத் தேவையானது தாராளமா மிஞ்சி நிக்கும். அதால பெடியள், 6.5 எடுத்து 140 கிரெயின், 120 கிரெயின் ரவையைப் பேர் பாத்து வாங்கிக்கொண்டு எல்க்குக்குப் போயிடாதேங்கோ, துவக்கு சட்டப்படி சரி, ரவை சரியில்லை எண்ட நிலைமை வரும். பெட்டியில கிராம் கணக்கைப் பாத்து எடுங்கோ.

இந்தக் கலிபர் ஒண்டும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசருக்குக் கீழ இருந்த காலம், 1890களின்ர தொடக்கத்தில ரெண்டு நாட்டு ஆமியும் சேந்து இருந்து தீர்மானிச்ச ரவை இது, நோர்வே அதைக் கிராக்-யோர்கன்சன் துவக்கில போட்டுது, சுவீடன் மௌசரில போட்டுது. 1905ல ரெண்டு நாடும் பிரிஞ்சாப் பிறகும் ரவை பிரியேல்லை. அந்த முதல் ஆமி ரவையின்ர சன்னமே மொட்டை மூக்கோட 10.1 கிராம்தான், இப்ப நான் எல்க்குக்குப் போடுற அதே பாரம், 130 வருசத்துக்கு முந்தி சரியா வந்த கணக்கு. ஊருக்கு ஊர் இருக்கிற சுடுற சங்கங்கள்ல இங்கத்தைச் சனம் பாட்டன் காலம் தொட்டு இந்த 6.5லதான் பழகி வந்திருக்கு, அதால கடையில ரவைக்குத் தட்டுப்பாடு வாறது குறைவு.

இதுக்கு முந்தி எல்லாரும் தடிச்ச குழலைத்தான் நம்பினவை, அதுக்குக் காரணமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின்ர நடுவில நுவரெலியாவில குடியிருந்த சாமுவேல் பேக்கர் இலங்கைக் காட்டில யானை சுட்டது கறுப்பு மருந்துக் காலம், அந்த மருந்தால சன்னத்தை ஒரு அளவுக்கு மேல வேகமாத் தள்ள ஏலாது, அதால பலம் வேணும் எண்டால் ஈயக் குண்டைப் பெரிசாக்கிறதைத் தவிர வேற வழி இல்லை. 1880களில புகையில்லா மருந்து வந்தாப் பிறகுதான், செப்புத் தோல் போட்ட நீட்டுச் சன்னத்தை மெல்லிய குழலால வேகமா அனுப்ப முடிஞ்சது. அதை எல்லாரையும்விட முழுசா விளங்கிக்கொண்ட ஆள் கரமோஜோ பெல் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர். 20ஆம் நூற்றாண்டின்ர தொடக்கத்தில ஆபிரிக்காவில 1000க்கு மேல யானை சுட்டவர், அதில பெரும்பங்கு 7×57 துவக்கால, 173 கிரெயின் உடையாத கெட்டிச் சன்னத்தால. 6.5ஆலயும் சுட்டிருக்கிறார். யானை மண்டையோட்டை வெட்டிப் பாத்து மூளை எங்க இருக்கு, எந்தக் கோணத்தில போனால் அடையலாம் எண்டு படிச்சவர். அத்தினை யானையைக் கொன்றதை நான் மெச்சேல்லை, தந்தத்துக்காக நடந்த அந்தக் காலம் திரும்பி வரவும் கூடாது. ஆனால் சன்னம் எங்க போகுது எண்டதுதான் முதல், எவ்வளவு தடிப்பு எண்டது பிறகு எண்ட விசயத்தை அந்த ஆளைவிட வெளிப்படையாக் காட்டினவர் இல்லை.

இனிக் காட்டில எப்பிடி எண்டு சொல்லுறன். முதல் கண்டு, 60 மீட்டர், பக்கவாட்டில, முன்காலுக்குப் பின்னால ஒரு கை மேல வைச்சன். வெடி பட்ட மாதிரியே தெரியேல்லை, அப்பிடியே நிண்டுது, நான் பிழைச்சிட்டன் எண்டு நினைச்சு அடுத்த ரவையை ஏத்தி முடிக்க முன்னம் நாலடி நடந்து விழுந்திட்டுது. எல்க்கிட்ட இது ஒரு குணம், நுரையீரலில பட்டாலும் பலநேரம் துள்ளாது, உடன ஓடாது, யோசிக்கிற மாதிரி நிக்கும், புதுசா வாறவை அதைப் பாத்துக் குழம்பிப் போகினம். அதால நிண்டுகொண்டு இருந்தால் இன்னொரு வெடி வையுங்கோ, ரவைக்குக் கணக்குப் பாக்காதேங்கோ. இதில உதை குறைஞ்ச துவக்கின்ர அருமை தெரியும். என்ர கணக்கில இதின்ர உதை .30-06ஐ விட மூண்டிலொரு பங்கு குறைவு, வெடி வைச்சாப் பிறகும் குறி பாக்கிற ஸ்கோப்புக்குள்ளயே மிருகம் நிக்கும், எங்க பட்டுது, எந்தக் காலை மடிக்குது, எந்தப் பக்கம் போகுது எல்லாம் கண்ணால பாக்கலாம். மக்னத்தால சுடேக்க எனக்கு வானம்தான் தெரிஞ்சது.

மூண்டாவது சீசனில சுட்ட ஆண் எல்க்தான் உண்மையான சோதனை. நாய் குரைச்சு நிப்பாட்டி வைச்சிருந்தது, நான் காத்துக்கு எதிரா 20 நிமிசம் ஊந்து போய் 50 மீட்டருக்குக் கிட்டச் சேந்தன், அது நாயைப் பாத்துக்கொண்டு என்னட்ட முன்பக்கத்தைச் சரிச்சுக்கொண்டு நிண்டது. சுடேல்லை. அஞ்சு நிமிசம் இருந்திருப்பன், எனக்கு அது ஒரு மணித்தியாலம். அது திரும்பிப் பக்கவாட்டில வந்தாப் பிறகுதான் வைச்சன், ஒரு விலா எலும்பை உடைச்சு, நுரையீரல் ரெண்டையும் கடந்து, மற்றப் பக்கத் தோலுக்குக் கீழ சன்னம் நிண்டது. 40 மீட்டர் போய் விழுந்தது. தோலை உரிக்கேக்க அந்தச் சன்னத்தை எடுத்துக் கழுவி வீட்டுத் தராசில வைச்சன், 9.5 கிராம். 10.1ல 9.5 மிச்சம் இருக்கு, முன்பக்கம் காளான் மாதிரி விரிஞ்சு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அகலம். ஒரிக்ஸில உள்ள ஈயத்தைச் செப்புத் தோலோட ஒட்டவைச்சிருக்கினம், அதால விரியும், ஆனால் பிரிஞ்சு சிதறாது. அந்தத் தோள் எலும்பில உடைஞ்ச என்ர பழைய சன்னத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் அங்கதான். சின்னக் கலிபர் எண்டு முடிவெடுத்தால் சன்னத்தில காசு மிச்சம் பிடிக்காதேங்கோ, துவக்கில 2000 குரோனர் குறைச்சாலும் பரவாயில்லை. 20 ரவைப் பெட்டி எனக்கு 600 குரோனர் சொச்சம் வந்தது, வருசத்துக்கு ஒரு பெட்டி காணும், பழகிறதுக்கு மலிவான ரவை வேற வைச்சிருக்கிறன். ஒண்டு, ரவை மாத்தினால் ஸ்கோப்பைத் திரும்பச் சரிபாக்கவேணும், பழகின ரவை 100 மீட்டரில ஒரு இடம், வேட்டை ரவை இன்னொரு இடம் போகும்.

இறைச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனிசி ஏசுவா. வேகம் குறைஞ்ச பாரமான சன்னம் இறைச்சியைக் குறைவாக் கெடுக்குது, இது எனக்கு ஏழு மிருகத்திலயும் கண்கூடு. விலாவில ஓட்டை, சுத்திவர ஒரு கையளவு கண்டல், அவ்வளவுதான், முன்தொடை முழுசா வரும். அதைப் பெரிய துண்டா வெட்டி யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டலாக் காய்ச்சினால், அம்மா மரை வத்தலைத் துவைச்சுக் காய்ச்சின வாசம் வீட்டில வரும், நான் அதுக்காகவே காட்டுக்குப் போறன் எண்டும் சொல்லலாம். ஆனால் ஒரு விசயம், ஒரிக்ஸிலயும் ஈயம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஈயத்துகள் காயப் பாதையைச் சுத்திப் போகும், அதால காயத்தைச் சுத்தி நல்ல தாராளமா வெட்டி எறியுங்கோ, கண்டின இறைச்சியைக் கழுவி எடுக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, சின்னப்பிள்ளையளுக்கும் வயித்தில பிள்ளை இருக்கிறவைக்கும் அந்தப் பக்கத்துத் துண்டைக் குடுக்கவே வேண்டாம். டென்மார்க்கில இருக்கிறவைக்கு இந்தச் சன்னம் சரிவராது, அங்க 2024 ஏப்ரலில இருந்து துவக்குச் சன்னத்திலயும் ஈயம் தடை, செப்புச் சன்னம்தான் போடவேணும். செப்பு ஈயத்தைவிடப் பாரம் குறைஞ்ச உலோகம், அதே பாரத்துக்குச் சன்னம் இன்னும் நீளும், 6.5ல அது ஒரு தனிப் பாடம்.

துவக்கைப் பற்றிக் கனக்க இல்லை. ரவையை ஏத்தி இறக்கிற போல்ற் தண்ணி மாதிரி ஓடும், விசை சுத்தமா உடையும், 100 மீட்டரில மூண்டு வெடி 3 சென்ரிமீற்றருக்குள்ள நிக்கும், எல்க்கின்ர நெஞ்சுக்கூட்டுக்கு அது தேவைக்கு மேல. முனையில சைலன்சர் போட்டிருக்கிறன், இங்க அது சட்டப்படி சரி, நாய்க்கும் காதுக்கும் நல்லது, உதையும் இன்னும் குறையுது. மழையில, பனியில, சேத்தில எல்லாம் கொண்டு திரிஞ்சன், துடைச்சு எண்ணெய் போட்டு வைக்கிறதுதான் என்ர வேலை.

இனி இந்தச் சோடியால ஏலாதது. ஸ்கோப்பை 100 மீட்டருக்குச் சரி பாத்து வைச்சால் 200 மீட்டரில சன்னம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் கீழ விழுது, அதுக்கு அங்கால விழுகை இன்னும் வேகமாக் கூடும், நீட்டு மைதானத்தில ரெயின்டியர் சுடுறவைக்கு நான் இதைச் சொல்லமாட்டன். என்ர எல்லை 150, காட்டுக்குள்ள அதுக்கு மேல தேவைப்பட்டதும் இல்லை. பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போற மிருகம், நேர முன்பக்கம், பத்தைக்குள்ள பாதி உடம்பு, இதுக்கெல்லாம் வெடி வைக்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன். பெரிய துவக்கு வைச்சிருக்கிறவையும் அப்பிடித்தான் செய்யவேணும், ஆனால் மெல்லிய சன்னம் வைச்சிருக்கிறவன் இதைக் கட்டாயம் செய்யவேணும். இன்னொண்டு, ஓட்டை சின்னது எண்டதால இரத்தம் சில நேரம் குறைவாத்தான் நிலத்தில விழும். ரெண்டாவது பசு 60 மீட்டர் போனது, முதல் 30 மீட்டரில ஒரு துளிகூட இல்லை, புளூபெரிப் பத்தைக்குள்ள நாய் இல்லாட்டில் தேடிக் கஷ்டப்பட்டிருப்பம்.

ரொறன்ரோவில இருக்கிற மச்சான் இதைவிட ஒரு படி மேல போய், .223 எண்ட இன்னும் மெல்லிய கலிபரில 77 கிரெயின் சன்னம் போட்டு அமெரிக்காவில சனம் பெரிய மான், எல்க் (அங்க எல்க் எண்டுறது வேறொரு பெரிய மான், மூஸ் இல்லை) எல்லாம் சுடுகினமாம், நானும் அதை எடுக்கவோ எண்டு கேக்கிறான். சுடுகினம்தான், உண்மை. மொன்டானாவில துவக்குக்குக் குறைஞ்சபட்சக் கலிபர் எண்டே ஒரு சட்டம் இல்லை. கொலராடோவில ஆனால் 0.24 இஞ்சிக்குக் கீழ பெரிய மிருகத்துக்குத் தொடவும் ஏலாது. அந்த 77 கிரெயின் சன்னம் வேலை செய்யிற விதமே வேற, என்ர ஒரிக்ஸ் மாதிரி ஒரு துண்டா ஊடுருவிப் போகாது, கொஞ்சத் தூரம் உள்ள போய் உடைஞ்சு அகலமாக் கிழிக்கும், வேகம் இருக்கிற தூரத்துக்குள்ளதான் அது நடக்கும். உதை இல்லாததால ஆக்கள் மிகத் துல்லியமாச் சுடுகினம், அதில எனக்கு முழு உடன்பாடு, என்ர பிரச்சினையே அதுதானே. எண்டாலும் தோள் எலும்புக்கு அங்கால மிச்சம் என்ன போகும் எண்டு யோசிக்க எனக்கு அந்த இரவு ஞாபகம் வரும், நான் அதை எடுக்கமாட்டன். இங்க அந்தப் பேச்சுக்கே இடமில்லை, 9 கிராம் சட்டம் மறிச்சுப்போடும், ரோ மான் எண்ட சின்ன மான் எண்டால் மட்டும் 100 மீட்டரில 980 ஜூல் காணும், அதுக்கு .223 தாராளம். கனடாவில இருக்கிறவை உங்கட மாகாணத்துச் சட்டத்தை முதல் பாத்திட்டு மிச்சத்தை யோசியுங்கோ.

பாரமான சன்னம் வாங்க முன்னம் குழலின்ர சுருள்வரியைக் கட்டாயம் பாருங்கோ, இதில கனபேர் காசை விடுகினம். நீட்டுச் சன்னம் நேராப் பறக்கவேணும் எண்டால் வேகமாச் சுழலவேணும், பம்பரம் மாதிரித்தான், சுழற்சி காணாட்டில் தலை ஆடும். 6.5×55 தொடக்கத்திலயே நீட்டுச் சன்னத்துக்காகச் செய்தது எண்டதால பழைய மௌசரிலயும் 200 மில்லிமீற்றருக்கு ஒரு சுத்து, கவலையில்லை. ஆனால் .223ல 12 இஞ்சிக்கு ஒரு சுத்து இருக்கிற பழைய துவக்குகள் இருக்கு, அது 55 கிரெயினுக்குச் செய்தது. எங்கட சங்கத்தில ஒரு பெடியன் அப்பிடி ஒண்டில 77 கிரெயின் போட்டுச் சுட்டவன், கடதாசியில வட்ட ஓட்டைக்குப் பதிலா திறப்பு ஓட்டை மாதிரி நீட்டு ஓட்டை, சன்னம் பக்கவாட்டில போய் விழுந்திருக்கு. அதைக் கொண்டு காட்டுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு யோசியுங்கோ.

அந்த .300ஐ வித்திட்டன். நட்டம்தான்.

மகளுக்கு இப்ப 17, பெரியாக்களோட பழகு வேட்டைக்கு 16ல இருந்து விடுகினம், தானா வந்து கேட்டவள், நான் கூப்பிடேல்லை. எங்கட வீட்டில துவக்கு எண்ட சொல்லுக்கே என்ர அம்மா எழும்பி அங்கால போயிடுவா, அவ ஊரில கண்டது அப்பிடி, அதை நான் பிழை சொல்ல ஏலாது, அதால மகளிட்ட ஒண்டும் வற்புறுத்திறதில்லை எண்டு இருந்தன். வருசா வருசம் சுடுற சோதனைக்கு முதல் குறைஞ்சது 30 வெடி பழகியிருக்கவேணும், பிறகு 100 மீட்டரில அஞ்சு வெடியும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள்ள விழவேணும். போன சனிக்கிழமை இந்த 6.5ஐக் குடுத்து முதல் 10 வெடி வைக்கவிட்டன், குழுத் தலைவரும் பக்கத்தில நிண்டவர், ஏழாவதில அவளுக்குத் தெரியாமல் அதே போலி ரவையைப் போட்டார். "டிக்" எண்டுது. குழல் அசையேல்லை. அவள் கண்ணை எடுக்காமல் "அப்பா, இது வெடிக்கேல்லை, என்ன செய்ய?" எண்டு கேட்டவள்.